தீர்மானம் தெருவுக்கு வரும் வழி

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்களுக்குப் பள்ளிகொண்டா என்றால் சுங்கச்சாவடிதான். வேலூரைத் தாண்டிச் சிறிது நேரத்தில் வரும். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைக் கருவி படித்துக்கொள்ளும், தடுப்பு உயரும், வண்டி ஆம்பூர் பக்கம் விரையும். வைணவர்களுக்கு அது உத்திர ரங்கநாதர் சயனித்திருக்கும் பாலாற்றங்கரைத் தலம். ஊரில் குடியிருப்பவர்களுக்கோ பள்ளிகொண்டா ஒரு பேரூராட்சி. தெருக்குழாய், சைடு கால்வாய், தெருவிளக்கு, குப்பை வண்டி, வீட்டு வரி ரசீது, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்த ஒரு கட்டடத்தோடு கட்டுண்டு கிடக்கின்றன. இந்த மூன்றாவது பள்ளிகொண்டாவைப் பற்றியது இவ்வுரை.

சாலையிலிருந்தே தொடங்கலாம். இப்படியோர் ஊரில் சாலைகளுக்கு மூன்று எஜமானர்கள் உண்டு. முன்பு 46 என்ற எண்ணோடு இருந்து இப்போது 48 ஆகிவிட்ட பெருஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு. பக்கத்து ஊர்களை இணைக்கும் முக்கியச் சாலைகளில் பெரும்பாலானவை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. வீட்டு வாசலில் இருக்கும் தெரு மட்டும்தான் பேரூராட்சிக்குச் சொந்தம். சுங்கச்சாவடியில் நாள் முழுக்கப் பணம் சேர்ந்தாலும் அதில் பேரூராட்சிக்குப் பங்கு கிடையாது. மழைக்காலத்தில் பெருஞ்சாலை ஓரத்தில் தேங்கும் தண்ணீர் தெருவுக்குள் இறங்கினால், அதை வடிக்கும் வேலை மட்டும் பேரூராட்சியின் தலையில் வந்து விழும். குழி விழுந்த இடம் யாருடைய சாலை என்று தெரியாமல் மூன்று அலுவலகப் படிகளையும் ஏறி இறங்கிய மக்கள் தமிழ்நாட்டின் எல்லாச் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். எந்தச் சாலை யாருடையது என்று காட்டும் ஒரு வரைபடம் பேரூராட்சி அலுவலக வாசலில் தொங்கினால் இந்த அலைச்சலில் பாதி குறையும். செலவு ஒரு ஃபிளெக்ஸ் அடிக்கும் செலவுதான்.

தெருவுக்குள் வந்தால் வேறொரு சிக்கல். பழைய வீடுகளின் வாசலைக் கவனித்துப் பாருங்கள். கட்டும்போது மூன்று படி ஏறித் திண்ணைக்குப் போன வீடு. முதல் முறை தார் போட்டபோது ஒரு படி புதைந்தது. சிமெண்ட் போட்டபோது இன்னொன்று. அதற்கு மேல் பேவர் பிளாக் பதித்தபோது கடைசிப் படியும் போய், வாசற்படி தெரு மட்டத்துக்கே வந்துவிட்டது. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் நுழைகிறது என்றால் வீடு தாழ்ந்துவிடவில்லை, தெருதான் வளர்ந்திருக்கிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. ஆனால் சாலை போடும் நாளன்று அந்தத் தெருவில் நிற்கிறவர்களுக்கு அப்படி ஓர் உத்தரவு இருப்பது தெரியாது. ஜல்லி கொட்டும் லாரி முன்னால் நின்று, ‘சுரண்டிவிட்டுப் போடுங்கள்’ என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

தெரியாமல் இருப்பதால் என்ன ஆகும் என்பதை வேலூரே நாட்டுக்குக் காட்டியது. 2016இல் சீர்மிகு நகரங்களில் ஒன்றாகத் தேர்வான மாநகராட்சி அது. 2022 ஜூன் இறுதியில் காளிகாம்பாள் கோயில் தெருவில் இரவில் சிமெண்ட் சாலை போட்டவர்கள், ஓரத்தில் நின்ற இருசக்கர வாகனத்தை நகர்த்தாமல் அதைச் சுற்றியே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார்கள். விடிந்து பார்த்தால் சக்கரங்கள் சாலைக்குள் உறைந்திருந்தன. சில வாரங்களில் சத்துவாச்சாரிப் பக்கம் கால்வாய் கட்டியபோது ஓர் அடிபம்பையும் சேர்த்துக் கான்கிரீட்டில் புதைத்தார்கள். இரண்டு படங்களும் நாடு முழுக்கச் சுற்றின. பலரும் சிரித்தார்கள். அந்தத் தெருக்காரர்களுக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. இன்றைக்கு இரவு சாலை போடப்போகிறார்கள் என்ற செய்தி முதல் நாளே வீடு வீடாகப் போயிருந்தால் வண்டி அங்கே நின்றிருக்காது. கால்வாய் எந்த வழியாகப் போகிறது என்ற வரைபடத்தைத் தெருவில் நாலு பேர் பார்த்திருந்தால் அடிபம்பும் புதைந்திருக்காது.

ஒரு தெரு வேலை எப்படிப் பிறக்கிறது என்பதை வரிசையாகச் சொல்லிவிடலாம். வார்டு உறுப்பினரின் கோரிக்கை, பொறியாளரின் மதிப்பீடு, மன்றக் கூட்டப் பொருளில் இடம், மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, வேலை, அளவுப் புத்தகத்தில் பதிவு, கடைசியில் பில். ஊழியர்கள் அந்த அளவுப் புத்தகத்தை ‘எம்.புக்’ என்பார்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு கனம் போடப்பட்டது என்று அதில் எழுதினால்தான் பணம் வரும். இந்தப் பத்துக் கட்டங்களில் தெருவாசியின் கண்ணுக்குப் படுவது ஒன்றே ஒன்று, வேலை. மற்ற ஒன்பதும் கோப்புக்குள் நடந்து கோப்புக்குள் முடிகின்றன.

இத்தனைக்கும் தகவல் விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. தகவல் அறியும் உரிமைக்கென்று 1997இலேயே நாட்டில் முதன்முதலாகச் சட்டம் போட்ட மாநிலம் இது. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்ற சட்டம் 1998இல் வந்தது. மத்தியச் சட்டம் வந்தது 2005இல். அதன் 4ஆவது பிரிவு, மக்கள் கேட்காமலேயே அலுவலகங்கள் தகவல்களைத் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் மனுப் போட்டு முப்பது நாள் காத்திருந்து பெறும் தகவலைத்தான் நாம் உரிமை என்று பழகிக்கொண்டோம். வேலை முடிந்து, பில் போய், பேவர் பிளாக் ஆட்டம் காணத் தொடங்கிய பிறகு கைக்கு வரும் மதிப்பீட்டு நகலால் தெருவுக்கு என்ன பயன்?

கணக்குப் பெரிய வித்தையும் இல்லை. நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் கனத்தில் ஒரு சிமெண்ட் சாலை என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். கலவை லாரி ஒரு நடைக்கு ஆறு கன மீட்டர் கொண்டுவருகிறது என்றால் ஏழெட்டு நடை வந்தாக வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியால் எண்ண முடிகிற கணக்கு இது. அவருக்குத் தெரியாமல் போவது அந்த மூன்று எண்கள்தான். பேவர் பிளாக்கும் அப்படியே. 60 மில்லிமீட்டரா, 80 மில்லிமீட்டரா என்று பள்ளிக்கூடப் பிள்ளை தன் ஸ்கேலை வைத்தே அளந்து சொல்லிவிடும்.

மக்களே கணக்கைச் சரிபார்ப்பதை ராஜஸ்தானில் செய்து காட்டினார்கள். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு ஒரு மக்கள் விசாரணையைக் கூட்டியது. பொதுப்பணிகளுக்கான வருகைப் பதிவேடுகளையும் பில்களையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, கட்டி முடிக்காத கட்டடத்துக்குப் பணம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தகவல் உரிமைக்கான நாடு தழுவிய போராட்டத்துக்கு வேர் அந்த மாதிரிக் கூட்டங்கள்தான். பெரிய அறிஞர்கள் யாரும் அங்கே தணிக்கை செய்யவில்லை. தங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் தங்கள் ஊர்க் கணக்கைக் காதால் கேட்டார்கள், அவ்வளவுதான்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு அப்படிக் கேட்க ஓர் இடம் உண்டு, கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் நெடுங்காலம் அப்படி எதுவும் கிடையாது. ஊர் எல்லையில் ஒரு தெருவின் ஒருபுறம் கிராம ஊராட்சி, மறுபுறம் பேரூராட்சி என்றால், ஒருபுறத்துக்காரரால் வரவு செலவுக் கணக்கை எழுந்து நின்று கேட்க முடிந்தது, எதிர்வீட்டுக்காரரால் முடியவில்லை. 1993 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. சிற்றூர்கள் விடுபட்டுப் போயின. 2022இல்தான் தமிழ்நாடு வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். கதவு திறந்தது. அதற்குள் நுழைந்து உட்காரும் பழக்கம் மக்களுக்கு இன்னும் வரவில்லை. கூட்டம் நடந்ததே அடுத்த நாள் செய்தித்தாள் படத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது என்று பல ஊர்களில் சொல்கிறார்கள்.

பழக்கம் விட்டுப்போனதற்கு ஒரு பெரிய காரணம், நடுவில் விழுந்த வெற்றிடம். 2011இல் தேர்வான மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு நகர்ப்புறங்களில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் எந்தப் பேரூராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இந்தக் காலத்தில்தான் கொரோனா வந்தது. எந்தச் சந்தில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அறிந்த வார்டு உறுப்பினர் வேண்டியிருந்த நேரத்தில் அந்த நாற்காலிகள் காலியாக இருந்தன. 2022 தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று ஆனது மிக நல்ல மாற்றம். ஆனால் பேரூராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் தெருவுக்குப் பதில் சொல்வதைவிட உறுப்பினர்களைத் தக்கவைப்பதில் கவனம் வைக்க நேர்கிற முறை இது. இவ்வுரை நேரடித் தேர்தலையே விரும்புகிறது.

இனித் தண்ணீர். இந்த வட்டாரத்தின் கதையே தண்ணீர்தான்.

பாலாறு கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுவதாகப் பாடநூல் சொல்லும். ஆண்டில் பெரும்பகுதி அது மணல்தான். அந்த மணலுக்கடியில் இருந்த ஊற்றுநீரை நம்பித்தான் கரையோர ஊர்களெல்லாம் கிணறு தோண்டிக் குடித்தன. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் தொழில் பெருகியபோது உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்த கழிவு நிலத்துக்குள் இறங்கியது. கிணறு கரித்தது, தென்னை காய்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. உலகமெங்கும் சுற்றுச்சூழல் சட்ட மாணவர்கள் வேலூர் என்ற பெயரை உச்சரிப்பது அந்தத் தீர்ப்பால்தான். இழப்பீடு மட்டும் முழுதாக வந்து சேரவில்லை. 2025 ஜனவரி 30ஆம் தேதி நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இன்னொரு தீர்ப்பு தந்து, விடுபட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கட்டும் என்றது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு இரண்டாவது தீர்ப்பின்போது இருபத்தெட்டு வயது.

பாலாற்றங்கரை ஊர்களுக்கு இன்று காவிரித் தண்ணீர் வருகிறது. மேட்டூர் அருகே எடுத்து, மலையும் மாவட்டங்களும் தாண்டிக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 1,295 கோடி ரூபாய் மதிப்பில் வேலூர் மாநகராட்சி, பல நகராட்சிகள், பேரூராட்சிகள், நூற்றுக்கணக்கான ஊரகக் குடியிருப்புகளுக்கு என்று போடப்பட்டது. அத்தனை தூரம் கடந்து வரும் தண்ணீர் கடைசியில் ஊழியர் ஒருவரின் கையில் இருக்கும் வால்வுச் சாவியை நம்பியிருக்கிறது. எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது அவருக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது. மேட்டிலே குழாய் உடைந்தால் இரண்டு நாள் வராது என்பதும் குடத்தை வைத்துக் காத்திருந்த பிறகே தெரியவருகிறது.

இந்த வட்டாரத்தில் அது வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயம் அல்ல. பொழுது விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ்கள் தெருமுனைகளில் வந்து நிற்கின்றன. சாப்பாட்டுக் கூடையோடு பெண்கள் ஏறிப்போகிறார்கள், இருட்டுகிற நேரம் திரும்புகிறார்கள். பகலில் தண்ணீர் விட்டால் பிடிக்க வீட்டில் ஆள் இல்லை. பேரூராட்சி அலுவலகம் திறந்திருக்கும் நேரம் முழுக்க அவர்கள் தைக்கும் மிஷின் முன்னால் இருக்கிறார்கள். ஒரு பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை திருத்தவும், வரி ரசீதில் பெயர் மாற்றவும் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. பகுதி சபையை வேலை நாளில் காலை பதினோரு மணிக்குக் கூட்டினால் தோல் தொழிலை நம்பிய ஊரில் யார் வர முடியும்? ஞாயிற்றுக்கிழமை மாலை வைக்கலாம். வாரம் ஒரு நாள் அலுவலகக் கவுன்ட்டரை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கலாம். அறிவிப்பை உருதுவிலும் ஒட்டலாம். இந்தத் தோல் வட்டாரத்தில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம்.

வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களும் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் நிறையப் பேர். கம்பெனிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. அந்த வீடுகளில் மிஞ்சும் தோல் துணுக்கு குப்பையோடு சேர்ந்து வருகிறது. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரிக்கச் சொல்லின. குரோமியத்தில் பதனிட்ட தோலைக் குப்பைமேட்டில் எரித்தால், அதிலுள்ள குரோமியம் கொடிய நச்சு வடிவமாக மாற வாய்ப்புண்டு. எரியும் புகை முதலில் தூய்மைப் பணியாளரின் மூச்சில்தான் ஏறுகிறது. தோல் வட்டாரத்துப் பேரூராட்சிகள் தோல் துணுக்குக்கென்று ஒரு தனிப் பையையே சேர்க்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் பொதுச் சுற்றறிக்கை அதைச் சொல்லாது. இந்த மண்ணைத் தெரிந்த மன்றம்தான் தீர்மானம் போட வேண்டும்.

குப்பை விஷயத்தில் வேலூருக்குப் பெருமைப்பட ஒரு மரபும் உண்டு. வேலூரில் திடக்கழிவு மேலாண்மைப் பணி செய்துவரும் சி. சீனிவாசன் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவரும் முறை எளியது. குப்பை அழுகுவதற்கு முன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சேகரி, உடனே பிரி, மாடு தின்பதை மாட்டுக்குக் கொடு, மிச்சத்தை உரமாக்கு, விற்க முடிந்ததை வகைவகையாக விற்றுவிடு. மகளிர் குழுப் பெண்களைக் கொண்டு அவர் நடத்திக் காட்டிய இந்த முறை வெளிமாநிலங்களுக்கும் போயிற்று. தமிழ்நாட்டுப் பேரூராட்சிகள் குப்பைக்கிடங்கை ‘வளம் மீட்புப் பூங்கா’ என்று பெயர் மாற்றி உரம் தயாரிக்கத் தொடங்கியதும் இதே போக்கில்தான். கழிவுநீர்த் தொட்டிக் கசடுக்கும் ஒரு பேரூராட்சியே வழிகாட்டியது. செங்கல்பட்டுப் பக்கம் உள்ள கருங்குழியில் 2017இல் மாநிலத்தின் முதல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. பாதாளச் சாக்கடை இல்லாத சிற்றூர் தன் கழிவை ஆற்றில் கொட்டாமல் வாழ முடியும் என்று அது காட்டியது. பாலாற்றுக்குத் தோல் ஆலைகள் செய்ததைப் பேசும் ஊர்கள், தங்கள் வீட்டுச் சாக்கடையும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது என்பதையும் பேசியாக வேண்டும்.

வரிக்கு வருவோம். 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்ந்தது. பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உள்ளாட்சிக்குச் சொந்த வருமானம் இல்லாமல் நிமிர்ந்து நிற்க முடியாது, ஆகவே உயர்வைக் குறை சொல்ல இவ்வுரை தயாராக இல்லை. குறை, ரசீதில் இருக்கிறது. அரையாண்டு வரி எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அச்சிடும் அந்தத் தாளின் பின்பக்கம் வெள்ளையாகவே கிடக்கிறது. போன ஆண்டு உங்கள் வார்டில் வசூலானது இவ்வளவு, செலவானது இவ்வளவு, செய்த வேலைகள் இவை என்று நாலு வரி அங்கே ஏறலாம். வரி வசூலர் வாசலில் நிற்கும்போது கேள்வி கேட்கக் குடும்பத்தலைவியின் கையில் ஒரு தாள் இருக்கும்.

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். குழுக்கள் பயனுள்ளவைதான். தெருவிளக்கு எரியாத படத்தைப் போட்டால் மறுநாள் ஆள் வருகிறது. ஆனால் யார் கேட்டார்களோ அவர்கள் தெருவுக்கு மட்டும் வருகிறது. கைபேசி இல்லாத மூதாட்டியின் சந்து இருட்டாகவே கிடக்கும். குழுவில் போட்ட செய்தி மேலே மேலே போய் மறைந்துவிடும். ரேஷன் கடைச் சுவர் அப்படி மறையாது. பள்ளிவாசல் முனை, கோயில் மண்டபம், கம்பெனி பஸ் நிற்கும் இடம், அரசுப் பள்ளி வாசல் என்று எல்லோரும் நின்று போகிற சுவர்கள் ஊரில் போதுமான அளவு உண்டு. மன்றக் கூட்டத்துக்கு முன்பு கூட்டப் பொருளையும், முடிந்து ஒரு வாரத்துக்குள் தீர்மானங்களையும் அங்கே ஒட்டச் சட்டம் எதையும் புதிதாக இயற்ற வேண்டியதில்லை. ஒரே ஒரு மன்றத் தீர்மானம் போதும்.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்தாக வேண்டும் என்று அரசமைப்பின் 243யு பிரிவு சொல்கிறது. போன முறை அது மீறப்பட்டது. 2027 மார்ச்சுக்குள் ஒவ்வொரு மன்றமும் தன் வார்டுகளுக்கு ஒரு பதிவேட்டைத் தயார் செய்து வைக்க முடியும். எந்தத் தெரு எந்த ஆண்டு போடப்பட்டது, என்ன கனம், என்ன செலவு, பழுதானால் ஒப்பந்ததாரரே சரிசெய்து தர வேண்டிய காலம் எப்போது முடிகிறது, எந்தக் குழாய் எந்த வால்விலிருந்து பிரிகிறது, எந்தக் கால்வாய் எங்கே போய் விழுகிறது என்று தெருவாரியாக அதில் இருக்க வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், அந்தப் பதிவேட்டில் தம் தெருவுக்குரிய பக்கத்தின் நகலை வாசலில் நின்று கேட்டு வாங்கும் உரிமை பள்ளிகொண்டா வாக்காளருக்கு உண்டு.